முகவரி இல்லாத கடைகள்

ஜன்னல் சீட்டு உங்களுதா சார்? பரவாயில்லை, நான் உக்காந்துட்டேன். எனக்கு வெளிய பாத்தாதான் யோசனை வரும். நீங்க எப்படியும் பேப்பர் படிக்கப் போறீங்க, வெளிச்சம் அந்தப் பக்கமும் நல்லாவே வருது.

மதுரைக்கா? நானும் மதுரைதான். ஆபீஸ் வேலை, ஆனா ஆபீஸுக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு. ஒரு பொண்ணை மன்னிக்கப் போறேன். சிரிக்காதீங்க சார், நிஜமாத்தான். ஃப்ளைட்ல போயிருக்கலாம். மன்னிக்கப் போறவன் கொஞ்சம் எளிமையா போகணும்னுதான் ரெயில்ல வரேன். மேல வெச்சிருக்கேன் பாருங்க, அந்தப் பை, அதுல ஒரு கிலோ மைசூர்பாகு.

நான் சாஃப்ட்வேர் சார். சாஃப்ட்வேர் எழுதறவன் இல்லை, எழுதறவங்களை நடத்தறவன். பேரு குணசீலன். வைஸ் பிரசிடெண்ட், எஞ்சினியரிங். சோழிங்கநல்லூர்ல எங்க கம்பெனிக்கு ஏழு மாடி, அதுல ரெண்டு மாடி என்னுது. நூத்தி நாப்பது பேர். நான் கடைசியா ஒரு வரி ப்ரோகிராம் எழுதி பதினாறு வருஷம் ஆச்சு. அதை நான் மறைக்கறதே இல்லை. ஒரு மாநாட்டுல மேடையிலயே சொன்னேன், கை தட்டினாங்க.

நான் வந்து சேர்ந்தப்போ அந்த ரெண்டு மாடியும் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரே சிவப்பு. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு சார். ஒவ்வொரு வேலையையும் ஒரு பட்டியல்ல எழுதி பக்கத்துல கலர் போடுவோம். நல்லா போனா பச்சை, இழுத்தா மஞ்சள், மாட்டிக்கிட்டா சிவப்பு. அதைப் பெரிய டிவியில வெச்சு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் பாப்போம். நான் முதல் வெள்ளிக்கிழமை போய் நிக்கறேன், இருபத்தி மூணு சிவப்பு. எனக்கு உடம்பே கொதிச்சுப் போச்சு. இத்தனை சிவப்பைப் பாத்துக்கிட்டு எப்படி சார் இவங்க டீ குடிக்கிறாங்க?

நான் யாரையும் திட்டலை. திட்டறது என் பாணி இல்லை. ஒரு ஃபார்ம் கொண்டு வந்தேன். யார் சிவப்பு போட்டாலும் அந்த ஃபார்மை நிரப்பணும், பதினேழு கேள்வி. இந்தச் சிக்கல் வருவதற்கு நீங்கள் எவ்வாறு காரணமாக இருந்தீர்கள்? இதை ஏன் முன்பே தவிர்க்கவில்லை? இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன? இப்படி. நிரப்பிட்டு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் நின்னு படிக்கணும். பச்சை போட்டா ஃபார்ம் கிடையாது. சமோசா சாப்பிட்டுட்டுப் போகலாம்.

மூணே வாரம் சார். இருபத்தி மூணும் பச்சை. ஒரு ஆளை மாத்தலை, ஒரு கம்ப்யூட்டர் வாங்கலை. சேர்மனே மாடிக்கு வந்து டிவியைப் பாத்துட்டு என் முதுகுல தட்டினார். அந்த வருஷம் கம்பெனியில சிறந்த தலைவர் விருது எனக்கு.

எல்லாம் மனுஷங்களை எப்படி வெச்சுக்கறோம்கறதுல இருக்கு. என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும். யார் வேணா எந்தக் குறை வேணா வந்து சொல்லலாம்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேன். அஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட வந்ததில்லை. அவ்வளவு திருப்தியா இருக்காங்க.

அப்புறம் காலையில ஒரு சிந்தனை அனுப்புவேன். எங்க ஆபீஸ் சாட்ல, ஆறரை மணிக்கு. நானே யோசிச்சு எழுதறது. இன்னைக்கு என்ன போட்டேன்னா, 'மன்னிக்கத் தெரிந்தவனே தலைவன்.' போட்டு மூணு செகண்டு, நூத்தி நாப்பது கட்டைவிரல். தினமும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமைகூட. போன வருஷம் ஒரு பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்துச்சு. குழந்தை பொறந்ததே ஆறு இருபத்தஞ்சுக்கு. ஆறரைக்கு என் சிந்தனைக்குக் கட்டைவிரல் வந்துடுச்சு சார். நான் வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன், நம்மளை இப்படியும் நினைக்கிறாங்களேன்னு.

என்ன கேட்டீங்க, எல்லாருக்குமே மூணு செகண்டுதானான்னா? ஆமா, டாண்ணு மூணு. படிக்க நேரம் வேண்டாமான்னா என்ன சார், பாசம் இருந்தா படிச்சுப் பாத்துட்டா போடுவாங்க?

தாம்பரம் தாண்டியாச்சா? சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு பால் கம்பெனி எங்ககிட்ட வேலை குடுத்தாங்க. பேர் வேண்டாம், பெரிய கம்பெனி. ஆயிரத்தி எண்ணூறு கடைக்குப் பால் போடறாங்க. விடியக்காலையில எந்த வண்டி எந்தக் கடைக்குப் போகணும்னு டிரைவர் போன்லயே வழி காட்டற சாஃப்ட்வேர். நாங்கதான் செஞ்சோம்.

முதல்ல சேர்மனுக்கு ஒரு டெமோ காட்டினோம். எனக்குக் கீழ ஜெரால்டுன்னு ஒரு மேனேஜர், தூத்துக்குடிக்காரன், தங்கமான பையன், பழைய கம்பெனியிலேர்ந்தே பதிமூணு வருஷமா என்கூட இருக்கான், ஒரு தடவை இல்லைன்னு சொன்னதில்லை. அவன் என்ன பண்ணான், டெமோவுக்கு என் வீட்டு முகவரியைப் போட்டுட்டான். மேடவாக்கத்துல எங்க அபார்ட்மெண்ட். மேப்புல குட்டி வண்டி ஓடி வந்து எங்க கேட்டுல நிக்குது. சேர்மன், 'குணசீலன், உங்க வீட்டுக்கே பால் வந்துடுச்சே'ன்னார். ஒரே சிரிப்பு. நான் ஜெரால்டுகிட்ட சொன்னேன், இது அப்படியே இருக்கட்டும்டா, ராசியா இருக்குன்னு.

அவன் அப்படியே வெச்சுட்டான். ஒரு கடைக்கு முகவரி பதிஞ்சிருந்தா வண்டி அங்க போகும், பதியலைன்னா எங்க வீட்டுக்கு. அந்த முகவரி பகுதி ரொம்ப நல்லா எழுதினது சார். அதையே எடுத்து எங்க கம்பெனி ஆள் விவரம் வெச்சிருக்கற சிஸ்டத்துலயும் போட்டோம், கேண்டீன் சிஸ்டத்துலயும் போட்டோம். ஒரு தடவை எழுதினதை எதுக்கு மறுபடி எழுதணும்? அதுக்கும் எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க.

அந்த டீம்லதான் இந்தப் பொண்ணு. மங்கையர்க்கரசி. எல்லாரும் மங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கான்னு சோதிச்சுப் பாக்கற வேலை. மீட்டிங்ல வாயே திறக்காது, ஆனா எழுதும். ஒரு வெள்ளிக்கிழமை டிவியில பாக்கறேன், நாப்பது பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு. என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'முகவரி பதியாத கடைகளுக்கான வண்டி, குணசீலன் சார் வீட்டுக்குப் போகும்.'

என் பேரு சார், சிவப்புல, அத்தனை பேர் முன்னாடி.

ஃபார்ம் குடுத்தோம். நிரப்பிக் குடுத்துச்சு. பதினேழு கேள்விக்கும் ஒரே பதில். நீங்கள் எவ்வாறு காரணமாக இருந்தீர்கள்? 'முகவரி பதியாத கடைகளுக்கான வண்டி, குணசீலன் சார் வீட்டுக்குப் போகும்.' கற்றுக்கொண்டது என்ன? அதே. எழுந்து நின்னு பதினேழு தடவையும் படிச்சுது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சிவப்பு, மறுபடி ஃபார்ம், மறுபடி அதே. பதினோரு வாரம் சார். மத்தவங்க எல்லாம் தரையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. பாவம், என்னை அவமானப்படுத்தறதைப் பாக்க அவங்களுக்குத் தாங்கலை.

நான் கூப்பிட்டுப் பேசினேன். யாரும் பேசலைன்னு சொல்லக்கூடாது. 'மங்கை, உக்காரு. நாம ஒரு குடும்பம். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?'

'எங்க வீட்டுல இல்ல சார். உங்க வீட்டுக்குத்தான் வண்டி வரும்.'

'எத்தனை கடைக்கு முகவரி இல்லை?'

'அறுநூத்திப் பன்னெண்டு சார்.'

'அது பால் கம்பெனி குடுக்க வேண்டிய விவரம். நாம ஏன் கவலைப்படணும்?'

'அந்த வரியை எடுத்துட்டா போதும் சார். அரை மணி நேர வேலை. ஜெரால்டு சார் தொடக்கூடாதுங்கறார்.'

எனக்கு அப்போ புரிஞ்சுது சார், இந்தப் பொண்ணுக்கு நல்லதைப் பாக்கற கண்ணு இல்லைன்னு. திறமை இருக்கு, மனப்பான்மை இல்லை. நான் வேலையை விட்டு எடுக்கலை. மாத்தி விட்டேன். ரெண்டாவது மாடிக்கு, சாஃப்ட்வேரை எப்படி உபயோகிக்கறதுன்னு கையேடு எழுதற இடத்துக்கு. அமைதியான இடம், ஜெனரேட்டர் பக்கத்துல. அன்னைக்கே ஜெரால்டு அந்த வரியைப் பச்சையாக்கிட்டான். ஒரு மாசத்துல அந்தப் பொண்ணு ராஜினாமா குடுத்துட்டு மதுரைக்குப் போயிடுச்சு. அனுப்பி வெக்கற விழாவுல நான் இருபத்தஞ்சு நிமிஷம் பேசினேன். ஒரு பீங்கான் கப் குடுத்தோம், கம்பெனி பேர் போட்டது. அந்தக் கப்பைக்கூட மேஜைமேலயே மறந்து வெச்சுட்டுப் போயிருக்கு பாருங்க.

டீ சொல்லட்டுமா? தம்பி, இங்க ரெண்டு டீ. ரெண்டுமே சர்க்கரை இல்லாம. உங்களுக்கும் சர்க்கரை இல்லாமத்தான் சொன்னேன், நல்லது.

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த சாஃப்ட்வேரை ஆரம்பிச்சு வெச்சோம். விடியக்காலை அஞ்சு மணி. வாட்ச்மேன் இண்டர்காம்ல கூப்பிடறான்.

'சார், பால் வந்திருக்கு சார்.'

'வாங்கி வெச்சிடுப்பா, எதுக்கு எழுப்பறே.'

'லாரி வந்திருக்கு சார்.'

'எத்தனை லாரி?'

'எண்ணிக்கிட்டே இருக்கேன் சார்.'

முப்பத்தெட்டு. கீழ போய்ப் பாத்தா எங்க கேட்டுலேர்ந்து மேடவாக்கம் ஜங்ஷன் வரைக்கும் வரிசை. முன்னாடியும் போக முடியலை, பின்னாடியும் போக முடியலை, முப்பத்தெட்டு பேரும் ஹாரன் அடிக்கறாங்க. திண்டிவனத்துக்குப் போக வேண்டிய வண்டி, திருவள்ளூருக்குப் போக வேண்டிய வண்டி, எல்லாம் எங்க வாசல்ல. நான், 'போங்கப்பா, தப்பா வந்துட்டீங்க'ன்னேன். டிரைவர்ங்க போக மாட்டேங்கறாங்க. பால் வாங்கறவங்க போன்ல கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த இடத்துக்கு வழி காட்டும், அப்படி நாங்களே செஞ்சு வெச்சிருக்கோம். அந்த யோசனை என்னுதுதான். அதனால நான் லுங்கியோட ரோட்டுல நின்னு அறுநூத்திப் பன்னெண்டு கையெழுத்து போட்டேன். ஒவ்வொரு கடைக்கும் ஒண்ணு. என் சம்சாரம் மேல பால்கனியில நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டா.

ஆனா ஒண்ணு சொல்லணும். நான் கையெழுத்துப் போடப் போட, ஆபீஸ் டிவியில அந்தந்தக் கடைக்குப் பால் சேர்ந்தாச்சுன்னு விழுந்துக்கிட்டே வந்திருக்கு. பத்து மணிக்கு ஜெரால்டு போன் பண்றான், 'சார், நூத்துக்கு நூறு பச்சை சார், வாழ்த்துகள்'னு.

அந்தப் பக்கம் அறுநூத்திப் பன்னெண்டு கடையில பால் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனும் அதுல இருந்துச்சாம். ஒரு ஹாஸ்டல், சின்னப் பசங்க. பேப்பர்ல ஒரு மூலையில வந்துச்சு. எங்க அபார்ட்மெண்ட்ல நின்ன பாலை என்ன பண்றது? குடம் குடமா எடுத்துக்கிட்டாங்க. மூணு நாள் எல்லா வீட்டுலயும் பால்கோவா கிண்டற வாசனை, நாலாவது நாள்லேர்ந்து படிக்கட்டு பூரா புளிச்ச வாடை. லிஃப்டுல என்னைப் பாத்தா யாரும் பேசறதில்லை. நான் என்ன சார் தப்பு பண்ணேன்? பட்டியல்ல எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?

நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்? நான் கேக்கவே இல்லை பாருங்க. ஓ... ம்ம்... சரி சரி. எங்க விட்டேன்? ஆங், பால்.

அந்தப் பால் கம்பெனி முதலாளியம்மா போன வாரம் நேரா ஆபீஸுக்கு வந்துட்டாங்க. அந்த வரியை எல்லாம் அப்பவே எடுத்துட்டோம், அவங்க சாஃப்ட்வேர்ல மட்டும். அடுத்த கட்ட வேலை எங்களுக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு பேச வந்தாங்க. நான் அம்பது பக்கம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அதைத் தொடவே இல்லை. பழைய ஃபார்ம் எல்லாம் கொண்டாங்கன்னாங்க. பதினோரு ஃபார்மையும் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து படிச்சாங்க, ஒரு மணி நேரம்.

'இதை எழுதின பொண்ணு எங்க?'

ஜெரால்டு, 'வேலையை விட்டுட்டாங்க மேடம்'னான்.

'குணசீலன் சார், அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அது என் முன்னாடி உக்காந்து, இப்போ சரியாயிடுச்சுன்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறேன். நீங்க சொன்னா நம்ப மாட்டேன். உங்க டிவி சொன்னாலும் நம்ப மாட்டேன்.'

சேர்மன் அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டார். இந்தத் தடவை முதுகுல தட்டலை. 'திங்கக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பொண்ணு இங்க இருக்கணும். இல்லைன்னா நீங்க இங்க இருக்க வேண்டாம்'னார். அவ்வளவுதான். இன்னைக்கு சனிக்கிழமை.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, பயமா இருக்கு சார். எனக்கு அம்பத்தோரு வயசு. இந்த வேலை போனா எவன் கூப்பிடுவான்? இப்போ இருக்கற பசங்க எழுதற ப்ரோகிராமை எனக்குப் படிக்கக்கூடத் தெரியாது. எனக்கு நடத்தத்தான் தெரியும், நடத்தறதுக்கு ஆள் வேணும்.

ஆனா கவலைப்பட ஒண்ணும் இல்லை. வேலையைப் பிரிச்சுக் குடுத்துட்டேன். நான் ஜெரால்டுகிட்ட சொன்னேன், ஜெரால்டு அவனுக்குக் கீழ இருக்கற டீம் லீடர்கிட்ட சொன்னான், லீடர் ஆள் எடுக்கற ஹெச்.ஆர். பொண்ணுகிட்ட சொன்னான். 'மங்கை திரும்ப வருதல்'னு பட்டியல்ல ஒரு வரியே போட்டிருக்கோம். நாலு பேரும் பச்சை போட்டிருக்காங்க.

நான் நேரா பேசினேனான்னா? அது முறை இல்லை சார். நான் எங்க, அந்தப் பொண்ணு எங்க. நடுவுல மூணு படி இருக்கு. அந்தப் பொண்ணு போன் நம்பர்கூட என்கிட்ட கிடையாது. ஆனா அதுக்கு என்மேல கோபம் இல்லைங்கறதுக்கு அத்தாட்சி வெச்சிருக்கேன். அது வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சா? ஆபீஸ் சாட்ல அதோட பேரை இன்னும் நீக்கலை, ஏதோ ஃபார்ம் பாக்கி. இன்னைக்குக் காலையில என் சிந்தனைக்கு மங்கையர்க்கரசியோட கட்டைவிரல் வந்திருக்கு. மூணு செகண்டுல. இங்க பாருங்க. மனசுல பாசம் இல்லாமலா?

ஏன் சார் ஒரு மாதிரி பாக்கறீங்க? தானா விழற மாதிரி யாராவது எழுதி வெச்சிருப்பாங்களான்னா? சே சே, எங்க பசங்க அப்படி இல்லை.

திண்டுக்கல் போயிடுச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. நான் என்ன சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கேன். 'மங்கை, நடந்ததை மறந்துடு. நானும் மறந்துட்டேன். உன் சிவப்பை நான் மன்னிச்சுட்டேன்.' அப்புறம் மைசூர்பாகு. அப்புறம் சீனியர்னு பதவி போட்ட வேலைக் கடிதம். அழுதுடும்னு நினைக்கிறேன். ஜெரால்டு வீட்டு முகவரியையும் அனுப்பியிருக்கான், சிஸ்டத்துலேர்ந்து எடுத்து, மேப்போட. தொட்டா போதும், வழி காட்டும்.

ஸ்டேஷன் வந்துடுச்சு போல. எந்தப் பக்கம் இறங்கினா ஆட்டோ கிடைக்கும்? இருங்க, மேப்பைத் திறக்கறேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க.

என்னது இது. நானூத்தி அறுபது கிலோமீட்டர்ங்குது.

மேடவாக்கம்னு காட்டுது சார். இது எங்க அபார்ட்மெண்ட். இது எங்க கேட்டு. மங்கையர்க்கரசி, முகவரின்னு போட்டு, எங்க வீடு. ஆள் விவர சிஸ்டத்துல அந்த வரியை எடுக்கவே இல்லையே.

இருங்க, ஜெரால்டைக் கூப்பிடறேன். ...ஸ்விட்ச் ஆஃப். சனிக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருப்பான். இல்லை, சர்ச்சு ஞாயித்துக்கிழமை.

சாட்லயே கேட்டுடறேன். 'மங்கை, நான் மதுரை வந்துட்டேன். வீடு எங்க இருக்கு?' பாத்தீங்களா, பாத்தீங்களா, கட்டைவிரல். நான் சொல்லலை? 'முகவரி அனுப்பும்மா.' கட்டைவிரல். 'நீ வீட்டுல இருக்கியா, வெளிய போயிருக்கியா?' கட்டைவிரல். 'திங்கக்கிழமை வருவியா, மாட்டியா?' இதுக்கும் கட்டைவிரல்.

இல்லை சார், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் இருங்க. எல்லாரும் இறங்கட்டும்.

'மங்கை, நீ எழுதினது சரி. பதினோரு வாரமும் சரி. தப்பு என்னுதுதான்.' இருபத்தேழு வருஷத்துல நான் இப்படி யாருக்கும் எழுதினதில்லை சார். அனுப்பிட்டேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

வந்துடுச்சு.

நீங்க இறங்குங்க சார், உங்களுக்கு நேரமாகுது. இந்த மைசூர்பாகை எடுத்துக்கோங்க, வீட்டுல குடுங்க. இந்த வண்டி திரும்ப மெட்ராஸுக்கு எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. முகவரி அங்கதானே காட்டுது.